ஏழாம் பாடத்தில் இல்லாத பேர்

பெல்ட்டப் போட்டுக்கோங்க டீச்சர். அது இல்ல, அந்தப் பக்கத்துது. எப்பவும் மக்கர் பண்ணும், ரெண்டு தட்டு தட்டுனா மாட்டிக்கிடும். ஆங், அவ்வளவுதான்.

முன் சீட்டுக்கு வந்தது நல்லதாப் போச்சு. பின்னால உக்காந்தா உங்களுக்குக் குமட்டத்தான் செய்யும். நிலாவுல நமக்கு எடை ஆறுல ஒரு பங்குதான, பள்ளத்துல ஏறி இறங்குனா வண்டி எந்திரிச்சு ஆற அமரத்தான் கீழ வரும். வயிறு மட்டும் மேலயே நிக்கும். பிள்ளைகளப் பாருங்க, ஏறின உடனே உறங்கிட்டுங்க, இருபத்திரெண்டும். மூணு நாள் ராக்கெட்டுல வந்த அலுப்பு. இந்தாங்க எலுமிச்சம்பழம், மோந்துக்கிட்டே வாங்க. முகாம்ல செடிக்கூடத்துல காச்சது. நிலாவுல காச்ச எலுமிச்சைன்னு ஊர்ல போயிச் சொல்லுங்க, ஒருத்தரும் நம்பமாட்டாவ.

ரெண்டரை மணி நேர ஓட்டம். வழியில பாக்க ஒண்ணும் கிடையாது. மண்ணு, அதுல கல்லு, அப்புறம் மறுபடியும் மண்ணு. ஒரே ஒரு இடத்துல மட்டும் நான் வண்டியப் பைய விடுவேன். எதுக்குன்னு இப்பக் கேக்காதீங்க.

மடியில என்ன, அந்த நீல புக்கா? பயிற்சிக் கையேடு. தெரியும் தெரியும். ஏழாம் பாடம் வந்துட்டீங்களா? அதுல ஒரு படம் இருக்கும், நெஞ்சுல நட்சத்திரம் வச்ச பையன், கைய இடுப்புல ஊனி நிப்பான். ஆமா, நான்தான். செண்பகராஜ். உத்துப் பாக்காதீங்க, முடியெல்லாம் போயிட்டு. மூக்க வச்சுக் கண்டுபிடிக்கலாம்.

நாளைக்குக் காலையில உங்க பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம் இருக்கு, அட்டவணையில பாத்திருப்பீங்க. ‘தலைமைப் பண்பும் கூட்டு உழைப்பும்’. பேசப்போறது நான்தான். வருசா வருசம் நான்தான் பேசுதேன். பெருமைக்குச் சொல்லல, நல்லாவே பேசுவேன், கைதட்டு வரும். ஆனா அதுக்கு முந்தின நாளு, இந்த வண்டியில, முன் சீட்டுல யாரு வந்து உக்காந்தாலும் நான் இந்தக் கதையச் சொல்லிருவேன். சொல்லாம இருக்க முடியல. நீங்க உறங்கணும்னா உறங்குங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வாரேன். உறக்கம் வரலியா? சரி.

அப்ப எனக்குப் பதினாறு முடிஞ்சு மூணு மாசம். மொத மொத நடந்த இளைஞர் முகாம் அது. எட்டு நாட்டுல இருந்து எட்டு டீம். நம்ம டீம்ல நாலே பேரு. நான் திருச்செந்தூருக்குப் பக்கம். ஜுலைகா காயல்பட்டினம். கொம்பையா கயத்தாறு. அப்புறம் மணப்பாட்டுப் பொண்ணு ஒண்ணு. அதுதான் எல்லாத்துலயும் சின்னது, பதினஞ்சு வயசு. அதோட அப்பா, சித்தப்பா எல்லாம் கடலுக்குப் போறவுக.

நான் கேப்டன். யாரும் சிபாரிசு பண்ணல, ஓட்டுப் போட்டுத்தான் ஆனேன். நாலு ஓட்டுல மூணு எனக்கு. சரி, அந்த மூணுல ஒண்ணு என்னோடதுதான். இருந்தாலும் மூணு மூணுதான. ஆன அன்னைக்கே எல்லாரையும் நிக்க வச்சுச் சொன்னேன், "இனிமே நான்கிற பேச்சே கிடையாது. நாமதான். நாம ஜெயிப்போம், நாம தோப்போம்." சொல்லிட்டு நட்சத்திரத்த எடுத்து என் உடுப்புல குத்திக்கிட்டேன். கேப்டன்னுதான் கூப்பிடணும்னும் சொன்னேன். ரெண்டு பேரு கூப்பிட்டாவ. மணப்பாட்டுப் பொண்ணு மட்டும் கடைசி வரைக்கும் "அண்ணே"ன்னுதான் கூப்பிட்டுச்சு. நானும் திருத்தித் திருத்திப் பாத்தேன். "சரிண்ணே, இனிமே கேப்டன்னே கூப்பிடுதேண்ணே"ங்கும்.

போட்டி என்னன்னா, ஒரு மேட்டுச் சரிவுல பன்னெண்டு கம்பு நடணும். ஒவ்வொரு கம்புலயும் சின்னதா ஒரு கருவி இருக்கும், நிலம் அசையுறத அளக்கும். முதல்ல முடிக்கிற டீமுக்கு இங்கயே ஒரு வருசம் தங்கிப் படிக்க இடம். நாலு பேருக்கும். அந்த வயசுல அதுக்கு மேல ஒரு பிள்ளைக்கு என்ன வேணும், நீங்களே சொல்லுங்க.

பதினோரு கம்பு வெயில்ல, மேட்டுக்கு இந்தப் பக்கம். பன்னெண்டாவது மட்டும் அந்தப் பக்கம், குழிக்குள்ள. அங்க என்னைக்குமே வெயில் விழாது. அந்தக் குளிர நான் வாயால சொல்லி உங்களுக்கு விளங்காது. உடுப்புக்குள்ள சூடு பண்ற கம்பி இருக்கும், அது வேலை செய்ற வரைக்கும்தான் மனுசன் மனுசனா இருப்பான். இன்னொண்ணு, குழிக்குள்ள இறங்குனா ரேடியோ கேக்காது. மேடு மறைச்சிரும்.

அதனால ஒரு விதி. இது விளங்கிட்டா மத்தது எல்லாம் விளங்கிரும், கேளுங்க. ஒரு ஆளு நிழலுக்குள்ள இறங்குறதுக்கு முன்னால ரேடியோல சொல்லணும். சொன்ன உடனே கேப்டன் ஒரு கடிகாரத்த முடுக்கணும். இருபது நிமிசம். அதுக்குள்ள ஆளு திரும்பலன்னா, உடுப்பு மாட்டி வாசல்ல தயாரா நிக்கிற இன்னொரு ஆளு ஓடணும். உடுப்பு மாட்ட முக்கால் மணி நேரம் ஆகும் டீச்சர், அதனாலதான் மாட்டியே நிக்கணும்னு விதி. வெளிய போன ஆளு ‘திரும்புறேன்’னு சொன்னப்புறம்தான் வாசல்ல நிக்கிறவரு கழட்டலாம்.

ஒவ்வொரு டீமும் அவங்கவங்க மொழியில பேசிக்கலாம். ஆனா ரெண்டு சொல்ல மட்டும் தாள்ல எழுதிக் குடுத்திரணும். போறதுக்கு ஒண்ணு, திரும்புறதுக்கு ஒண்ணு. நான் எழுதிக் குடுத்தேன், ‘போறேன்’, ‘திரும்புறேன்’. இதுல என்ன தப்பு சொல்லுங்க. எனக்கு இன்னைக்கு வரைக்கும் அந்தத் தாள்ல தப்பு தெரியல.

போட்டி அன்னைக்கு நான் கூண்டுக்குள்ள ரேடியோ முன்னால. கூண்டுன்னா தகரக் கொட்டகை அளவுதான் இருக்கும். கொம்பையா பாதிக் கம்ப நட்டுட்டு, காத்துத் தீந்து உள்ள வந்துட்டான். ஜுலைகா உடுப்பு மாட்டி வாசல்ல நிக்கா. மணப்பாட்டுப் பொண்ணு பன்னெண்டாவது கம்போட மேட்டு உச்சியில. அங்க இருந்து ரேடியோல ஒரு சொல்லு வந்துச்சு. "அண்ணே, வாரேன்."

நீங்களே சொல்லுங்க டீச்சர். வாரேன்னா என்ன? வாரேன்னுதான அர்த்தம். யாரு எங்க இருக்காவன்னு காட்டுற பலகையில, அவ பேருக்கு நேரா இருந்த வில்லைய ‘திரும்புகிறார்’ங்கிற பக்கம் தள்ளி வச்சேன். கடிகாரத்த முடுக்கல. ஜுலைகாவ உடுப்பக் கழட்டச் சொன்னேன். போட்டி நடத்துற மேலிடத்துக்கு ரேடியோல சொன்னேன், "பன்னெண்டும் நட்டாச்சு, எல்லாரும் திரும்புறோம்." எட்டு டீம்ல நாமதான் முதல்ல. ரெண்டாவது வந்தவங்களுக்கும் நமக்கும் ஆறு நிமிசம்தான் வித்தியாசம்.

அவ அங்க குழிக்குள்ள இறங்கிக்கிட்டு இருந்திருக்கா.

புக்குல போட்டிருக்கிறது இதுதான். பதிவு செஞ்ச சொல்ல ஒரு உறுப்பினர் சொல்லல, அதனால ஆபத்து வந்துச்சு, கேப்டன் நிதானமா இருந்து உயிரக் காப்பாத்துனாரு. ஒண்ணும் பொய் இல்ல. அவ ‘போறேன்’னு சொல்லல, அது நெசம். நானும் நிதானமாத்தான் இருந்தேன்.

என்ன பாக்கீங்க? பேரா? அவ பேரு எதுக்கு டீச்சர். புக்குலயும் ‘ஓர் உறுப்பினர்’னுதான் போட்டிருக்கு. மரியாதைக்குத்தான் அப்படிப் போட்டோம்னு சொன்னாவ.

நீங்க திருநெல்வேலின்னு ஏறும்போது ஒரு பிள்ளை சொல்லுச்சே. அப்ப உங்களுக்குத் தெரியாம இருக்காது. நம்ம பக்கம் வீட்ட விட்டுக் கிளம்புற யாரு ‘போறேன்’னு சொல்லுதா? ஒருத்தர் வீட்டுக்குப் போயிக் காப்பி குடிச்சிட்டு எந்திரிக்கும்போது என்ன சொல்லுவோம்? "சரி, அப்ப நான் வாரேன்." போறதுக்குத்தான் அந்தச் சொல்லு. எங்க அம்மைகிட்ட "வாரேம்மா"ன்னு சொல்லிட்டுத்தான் நானே ராக்கெட்டு ஏறுனேன். அப்ப அம்மை என்ன, நான் திரும்பி வீட்டுக்குள்ள வாரேன்னா நினைச்சா?

ஆமா. எனக்குத் தெரியும். அதத்தான் சொல்ல வாரேன், பொறுங்க.

பயிற்சி தொடங்குன ரெண்டாம் நாளே அது வந்துருச்சு. பொய்யா ஒரு மேடு கட்டி, ஒவ்வொருத்தரா ‘போறேன்’னு சொல்லிட்டு இறங்கிப் பழகணும். மணப்பாட்டுப் பொண்ணு முறை வந்ததும் நின்னுட்டுது. வாயத் திறக்க மாட்டேங்கு. என்னட்டின்னு கேட்டா, "அண்ணே, எங்க வீட்ல கடலுக்கு இறங்குறவுக யாரும் அந்தச் சொல்லச் சொல்ல மாட்டாவ. சொன்னா திரும்பி வரமாட்டேன்னு ஆயிரும். எனக்கு வாயில வரமாட்டேங்குண்ணே" அப்படின்னுது. கொம்பையா சிரிச்சான். ஜுலைகா சிரிக்கல.

தாள மாத்தி எழுதிக் குடுத்திருக்கலாம். ‘வாரேன்’, ‘வந்துட்டேன்’னு எழுதி, இதுக்கு இது அர்த்தம்னு கீழ போட்டிருந்தா முடிஞ்சது. ஆனா தாள மாத்துனா டீமுக்கு ஒரு புள்ளி குறைப்பாவ. கேப்டன் முதல்லயே யோசிக்கலன்னு குறிப்பும் எழுதுவாவ. நான் சொன்னேன், "இதுக்கெல்லாம் போயித் தாள மாத்த வேண்டாம். நம்ம நாலு பேருக்குள்ள வச்சுக்கிடுவோம். நீ வாரேன்னா போறேன்னு அர்த்தம். வந்துட்டேன்னா திரும்புறேன்னு அர்த்தம். சரியா?" நாலு பேரும் கை மேல கை வச்சுச் சரின்னோம். அந்தப் பொண்ணுக்கு என்ன சந்தோசம். "நீங்க நல்ல அண்ணே"ன்னுது. கேப்டன்னு சொல்லுன்னேன்.

பயிற்சியில பதினாலு தடவ அவ ‘வாரேன்’னு சொல்லிட்டு இறங்கிருக்கா. பதினாலு தடவையும் நான் சரியாக் கடிகாரத்த முடுக்கிருக்கேன்.

அப்ப அன்னைக்கு மட்டும் என்ன ஆச்சுன்னு கேக்கீங்க. எல்லாரும் கேட்டாவ, இந்தச் சீட்டுல உக்காந்த எல்லாரும். மறந்துட்டேன்னு சொல்லுவேன். பரபரப்புல குழம்பிட்டேன்னு சொல்லுவேன். நீங்க என்னமோ பேசாம பாத்துக்கிட்டே இருக்கீங்க, அதனால சொல்லுதேன்.

ரேடியோல இன்னொரு டீம்காரன் பதினோரு கம்பு முடிச்சிட்டோம்னு சொன்னான். அந்த நேரத்துல "அண்ணே, வாரேன்"னு வந்துச்சு. அது என்ன வாரேன்னு எனக்கு ஒரு நொடி தெரிஞ்சிது டீச்சர். தெரிஞ்சிது. ஆனா அத இன்னொரு மாதிரியும் எடுத்துக்கிடலாம்லா? அப்படி எடுத்துக்கிட்டா நாம முடிச்சிட்டோம். அப்படியே எடுத்துக்கிட்டேன். ஜுலைகா வாசல்ல இருந்து கேட்டா, "அவ போறாளா, வாராளா?" நான் சொன்னேன், "வாரேன்னுதான சொன்னா. நீ கழட்டு." அவ என்னையப் பாத்தா. "கேப்டன் சொல்லுதேன், கழட்டு"ன்னேன். கழட்டிட்டா.

அப்புறம் மேல இருந்து வாழ்த்துச் சொன்னாவ. மத்த டீமெல்லாம் வாழ்த்துச் சொன்னாவ. ஒவ்வொருத்தருக்கா நன்றி சொன்னேன். "நான் ஒண்ணும் செய்யல, எல்லாம் எங்க டீம்தான்"னு ஏழு தடவ சொல்லிருப்பேன். நாப்பது நிமிசம் போச்சு. கொம்பையாதான் கேட்டான், "அவ எங்க?"

அந்த நாப்பது நிமிசத்துல ஒரு தடவ கூட நான் அவள நினைக்கல. அவ கால் விரல் போனதக் கூட ஒரு மாதிரி நெஞ்சுல இறக்கி வச்சிரலாம். இது இறங்க மாட்டேங்கு.

ஜுலைகாவும் கொம்பையாவும் மறுபடி உடுப்ப மாட்டுனாவ. ஒருத்தருக்கொருத்தர் உதவி செஞ்சு முப்பத்தஞ்சு நிமிசத்துல மாட்டிட்டாவ. நான் போகல. கேப்டன் ரேடியோவ விட்டு எந்திரிக்கக் கூடாது, அது விதி. இல்ல, நெசமாவே விதி அது, கையேட்டுல இருக்கு, நாலாம் பாடத்துல.

இந்தா, வந்துட்டோம். வலது பக்கம் பாருங்க. அந்த மேடுதான். பைய விடுதேன், நல்லாப் பாருங்க. மேட்டுல ஏறிப் போற காலடி தெரியுதா? கோடு மாதிரி ஒத்தையா போகுதுல்லா, சின்னக் காலடி. அது அவளோடது. பக்கத்துல ரெண்டு ஆளு போயி, அழுத்தமா அமுந்து திரும்பி வந்தது, அது அவளத் தூக்கிட்டு வந்தது. இங்க காத்தும் கிடையாது, மழையும் கிடையாது. பதினெட்டு வருசம் ஆச்சு, ஒரு மண்ணு கூட நகரல.

ஜுலைகா ரேடியோல சொன்னது இன்னும் காதுல இருக்கு. "போன காலடி இருக்கு. வந்த காலடி இல்ல." அதுக்கப்புறம் மேட்ட இறங்கிட்டா, சத்தம் கேக்கல.

குழிக்குள்ள கல்லு உருண்டு இடது கால் மேல விழுந்துருக்கு. கால எடுக்க முடியல. பூட்ஸுக்குள்ள சூட்டுக் கம்பி அறுந்துட்டு. மொத்தம் ஒண்ணே முக்கால் மணி நேரம் கிடந்திருக்கா. கம்ப மட்டும் நட்டுட்டுத்தான் விழுந்திருக்கா டீச்சர். பன்னெண்டாவது கம்பு. அது இன்னைக்கும் வேலை செய்யுது. அதனால நாம ஜெயிச்சது செல்லும்னு சொல்லிட்டாவ.

உயிருக்கு ஒண்ணும் இல்ல. இடது கால்ல நாலு விரல எடுத்துட்டாவ. நான் ஆசுபத்திரி அறைக்குப் போயி நின்னேன். அவ மயக்கம் தெளிஞ்சதும் என்னையப் பாத்துக் கேட்டா, "அண்ணே, ரேடியோ கேக்கலியாண்ணே?" கேக்கலம்மான்னு சொன்னேன். அவளா ஒரு வழி எடுத்துக் குடுத்தா, நான் அதப் பிடிச்சுக்கிட்டேன். ஆனா ரேடியோப் பதிவு இருக்கே. மறுநாளே அவளுக்குத் தெரிஞ்சிட்டு.

விசாரணைக்கு மூணு பேரு வந்தாவ. மூணு பேருல ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. மேசை மேல மொழிபெயர்க்கிற பொட்டி ஒண்ணு வச்சிருந்தாவ. அதுக்கு முன்னால சாப்பாட்டு மேசையில ஜுலைகாவையும் கொம்பையாவையும் உக்கார வச்சு நான் பேசுனேன். "இங்க பாருங்க, நான்னு யாரும் பேசக்கூடாது. நாமன்னுதான் பேசணும். டீம்னா அதுதான். நாலு பேருக்கும் இடம் போயிரக் கூடாது. நாம எல்லாரும் அவ திரும்புறான்னுதான் நினைச்சோம்னு சொல்லுவோம்." கொம்பையா தலைய ஆட்டிட்டான். ஜுலைகா தட்டப் பாத்துக்கிட்டே, "அவளும் நாமதான?"ன்னு கேட்டா. நாளைக்கு நான் பேசப்போற பேச்சுக்கு என்ன பேருன்னு சொன்னேன்? கூட்டு உழைப்பு.

உள்ள பதிவப் போட்டாவ. "அண்ணே, வாரேன்." பொட்டி அவங்க மொழியில சொல்லுச்சு, அத அவங்க எங்களுக்குத் திருப்பிச் சொன்னாவ. "சகோதரரே, நான் வந்துகொண்டிருக்கிறேன்." பொட்டியக் குறை சொல்ல முடியாது. அது எந்த வீட்டுல காப்பி குடிச்சிட்டு எந்திரிச்சிருக்கு.

அவகிட்ட கேட்டாவ, பதிவு செஞ்ச சொல்ல ஏன் சொல்லலன்னு. "எங்க வீட்ல அப்படித்தான் சொல்லுவோம்"னா. அடுத்த கேள்வி கேட்டாவ. "நீ இப்படிச் சொல்லுவேன்னு கேப்டனுக்கு முன்னாலயே தெரியுமா?"

அவ திரும்பி என்னையப் பாத்தா. கோவமாப் பாக்கல டீச்சர். ரெண்டாம் நாள் கை மேல கை வச்சப்ப எப்படிப் பாத்தாளோ அப்படித்தான் பாத்தா. இந்தா அண்ணே சொல்லுவாருங்கிற மாதிரி. நான் மேசைக்கு அடியில என் பூட்ஸப் பாத்தேன். இடது கால் பூட்ஸு, அதுல ஒரு கீறல் இருந்துச்சு, இப்பக் கூட என்னால வரைஞ்சு காட்ட முடியும். எவ்வளவு நேரம் பாத்தேன்னு தெரியல. கடைசியில அவ, "தெரியாது சார்"னா.

எனக்காகச் சொன்னாளா, என் மேல வெறுத்துப் போயிச் சொன்னாளா, தெரியல. எனக்குப் பதக்கம் குத்துனாவ. ஒரு வருசம் படிக்க இடம், மூணு பேருக்கு. விதிய மீறுனவங்களுக்கு இனிமே எந்த ராக்கெட்டுலயும் இடம் இல்லன்னு அவளுக்கு எழுதிட்டாவ. பதினஞ்சு வயசுல எழுதுனது, இன்னும் மாறல.

அவ ஊருக்குக் கிளம்புன அன்னைக்கு மூணு பேரும் வழியனுப்பப் போனோம். ஒத்தக் கால்ல தத்தித் தத்தி வந்தா. ஜுலைகாவக் கட்டிப் பிடிச்சு, "வாரேன்ட்டி"ன்னா. கொம்பையா கையப் பிடிச்சு, "வாரேன் கொம்பையா"ன்னா. அவன் அழுதுட்டான். அப்புறம் என் முன்னால வந்து நின்னா. நான் என்னமோ சொல்ல வாயெடுத்தேன், மன்னிப்புத்தான் கேக்க நினைச்சேன்னு வச்சுக்கோங்களேன். அதுக்குள்ள அவ சொன்னா.

"போறேன், கேப்டன்."

ரெண்டு சொல்லும் நான் அவளச் சொல்லச் சொன்னதுதான்.

அதுக்கப்புறம் ஜுலைகா என்கிட்ட இன்னைய வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. கொம்பையா பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவான். அவன் சொல்லித்தான் தெரியும், அவ மணப்பாட்டுல படகுகளுக்குப் பேசுற வயர்லெஸ் அறையில வேலை பாக்காளாம். விடியும் முன்ன ஒவ்வொரு படகும் "வாரேம்மா"ன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புமாம். அவ நேரத்தக் குறிச்சுக்கிட்டு, திரும்புற வரைக்கும் நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டாளாம்.

நான் படிச்சு முடிச்சேன், ஒரு குழுவுக்குத் தலைவனாவும் போட்டாவ. முடியல. ரேடியோல எவனாவது வாரேன்னு சொன்னா எனக்கு மூச்சு நின்னுரும். இந்த வண்டிய நானே கேட்டு வாங்குனேன். இதே பாதையக் கேட்டு வாங்குனேன். பதினோரு வருசமா ஓட்டுதேன். பத்து டீச்சருக இந்தச் சீட்டுல உக்காந்து இதக் கேட்டிருக்காவ, நீங்க பதினோராவது. பத்து தடவையும் மறுநாள் மேடையில ஏறிப் பழைய பேச்சத்தான் பேசிருக்கேன். கூட்டத்துல அந்த டீச்சர் முகத்த மட்டும் பாக்காம பேசுவேன். இந்தத் தடவ சொல்லிருவேன்னு ஒவ்வொரு தடவையும் இந்த வளைவு வரும்போது நினைப்பேன். இந்தா, இந்த வளைவுதான்.

அந்தா தெரியுது பாருங்க முகாம். விளக்கு வரிசையா எரியுதுல்லா. பிள்ளைகள எழுப்புங்க. பெல்ட்டக் கழட்டாம எந்திரிச்சா தலை கூரையில இடிக்கும், சொல்லிருங்க. முகாம் வாசலோட வண்டிக் கதவு ஒட்டுற வரைக்கும் ஒரு நிமிசம். ஆங், ஒட்டிட்டு. ஒவ்வொருத்தரா வாங்க மக்கா, பைய, தத்தாம நடங்க.

சரி மக்கா, போயிட்டு வா.

சரி. சரிம்மா.

என்ன டீச்சர் இது, எல்லாப் பிள்ளையும் ஒண்ணு போலச் சொல்லுது. போறேன் அங்கிள், போறேன் அங்கிள்னு. உங்க பள்ளிக்கூடத்துல இப்படியா சொல்லிக் குடுக்கீங்க? நம்ம பக்கத்துப் பிள்ளைக யாரும் இப்படிச் சொல்லாதே. புக்குலயா? எந்தப் புக்குல? இதுலயா? ஏழாம் பாடத்துக்குக் கடைசியிலயா? அங்க பயிற்சின்னு என்னமோ இருக்கும், அத நான் படிச்சதில்ல. குடுங்க.

‘வெளியே செல்லும்போது போறேன் என்றே சொல்லிப் பழகுக. வாரேன் என்று சொல்பவரைத் திருத்துக.’

நில்லு மக்கா. நீ நில்லு. உன் பேரென்ன? தமிழ்க்கொடியா. நீ ராக்கெட்டு ஏறும்போது உங்க அம்மைகிட்ட என்ன சொல்லிட்டு வந்த? போறேன்னா? அம்மை என்ன சொன்னா? அழுதாளா. அப்படிச் சொல்லாதட்டின்னு சொன்னாளா. நீ என்ன செஞ்ச? திருத்திட்டியா.

இல்ல மக்கா, நீ தப்பு செய்யல. புக்குல அப்படித்தான் இருக்கு, நீ என்ன செய்வ. ஆனா புக்கு தப்பு. அந்த அக்கா சரியாத்தான் சொன்னா. அவ சொன்னது எல்லாருக்கும் விளங்குற சொல்லுதான், கேட்ட ஆளுக்கும் விளங்குச்சு. விளங்கியும் விளங்காத மாதிரி இருந்துட்டான். இத விசாரிக்க வந்த மூணு பேருகிட்டயும் சொல்லல, புக்கு எழுத வந்தவங்ககிட்டயும் சொல்லல. உங்க அம்மைக்கு இப்பவே ஒரு செய்தி அனுப்பு. வாரேம்மான்னு மட்டும் அனுப்பு, போதும்.

நீங்கல்லாம் ஏன் திரும்பி வந்து நிக்கீங்க? கதவுல கூட்டம் போடாதீங்க. என்ன கேக்கீங்க? அந்த அக்கா பேரா?

டீச்சர், பேனா குடுங்க பிள்ளைக்கு. இந்தா, அதே பக்கத்துல, ‘ஓர் உறுப்பினர்’னு இருக்குல்லா, அத அடிச்சுட்டு மேல எழுது. பெனிட்டா. பெ, னி, ட்டா. ஊரு மணப்பாடு. நல்லா அழுத்தி எழுது மக்கா. மத்தவங்களும் அவங்கவங்க புக்குல எழுதிக்கோங்க.

கேட்ட ஆளு பேரா? அத எழுத வேண்டாம் மக்கா. அது புக்குலயே இருக்கு, பெரிய எழுத்துல.